பின்பால் இயந்திரத்தைத் தாங்கும் கால்கள்

பழைய பின்பால் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் விளக்குகள் எரிகின்றனவா, பந்தை மேலே தட்டிவிடும் ஃபிளிப்பர்கள் விசையோடு அடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். குனிந்து கால்களைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பந்து எவ்வளவு வேகமாக இறங்கும், எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த நான்கு கால்கள்தான். அவை ஆட்டத்தின் உறுப்புகள் என்று எண்ணியே அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் சிகாகோவிலிருந்து பரவிய முதல் பின்பால்கள் கடை மேசைமேல் வைத்து ஆடும் சிறு பெட்டிகள். காட்லிப் நிறுவனம் 1931இல் கொண்டுவந்த ‘பாஃபிள் பால்’ அப்படிப்பட்டதுதான். பெட்டி பெரிதாகித் தரைக்கு இறங்கியதும் மரக்கால்கள் வந்தன. நியூயார்க் மேயர் லா கார்டியா 1942இல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடைசெய்து, பறிமுதலான இயந்திரங்களை உடைக்கச் செய்தார். அவற்றின் மரக்கால்கள் காவலர்களின் தடிகளாயின. 1960 வாக்கில் மரம் ஒதுங்கி, ‘ட’ வடிவில் மடித்த எஃகுத் தகட்டுக் கால்கள் நிலைபெற்றன. இன்றுவரை அதே வடிவம்தான்.

கால்களின் முதன்மையான வேலை சரிவைத் தருவது. பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பதால்தான் பந்து ஆடுபவரை நோக்கி வருகிறது. ரிலேக்களாலும் சுருள்களாலும் இயங்கிய பழைய இயந்திரங்கள் பலவற்றுக்குச் சுமார் 3.5 பாகைச் சரிவு போதும். மின்னணு காலத்து இயந்திரங்களுக்கு 6.5 பாகை வேண்டும். மூன்று பாகைதானே என்று தோன்றலாம். உருளல் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 3.5 பாகைச் சரிவில் ஒரு மீட்டர் தூரம் உருண்டு இறங்க 2 விநாடிக்கு மேல் எடுக்கும் எஃகுப் பந்து, 6.5 பாகையில் ஏறக்குறைய 1.6 விநாடியில் இறங்கிவிடுகிறது. பிற்கால ஃபிளிப்பர்களின் வலிமையும் மேலேறும் பாதைகளின் உயரமும் இந்த வேகத்தைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டவை. சரிவைக் குறைத்தால் ஆட்டம் சவசவத்துப்போகும். பழைய இயந்திரத்தில் அதைக் கூட்டினாலோ, வலுக்குறைந்த ஃபிளிப்பர்களால் பந்தை உச்சிவரை அனுப்ப முடியாது.

ஆகவே கால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். பிற்கால இயந்திரங்களில் பரவலாக உள்ள அளவு 28.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் பின்கால்கள் முன்கால்களைவிட நீளமாக இருக்கும். கைமாறிக் கைமாறி வந்த இயந்திரத்தில் ஒரு கால் மட்டும் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கலாம் என்பதால், நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். அடுத்து, போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம் பெட்டியின் துளைகளோடு பொருந்த வேண்டும். மூன்றாவதாக, கால் நேராக இருக்க வேண்டும். தரையில் இழுத்து நகர்த்தப்பட்ட இயந்திரங்களின் கால்கள் வளைந்திருக்கும். குரோமியப் பூச்சா, கறுப்பு வண்ணமா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டுவதற்கு இரண்டு பேராவது வேண்டும், ஏனென்றால் பிற்கால இயந்திரம் ஒன்று 110 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆட்டம் காணாத முட்டுக்கொடுத்துப் பெட்டியை நிறுத்திய பிறகே கால்களைத் தொட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு வீதம் எட்டு போல்ட்டுகள். அவை பெட்டியின் உள்மூலையில் உள்ள மரையிட்ட இரும்புத் தகட்டில் போய் இறங்குகின்றன. ஒவ்வொரு போல்ட்டையும் முதல் சில சுற்றுகள் விரலாலேயே திருக வேண்டும். விரலுக்கு இணங்காவிட்டால் அது கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் மின் திருகியை வைத்தால் தகட்டின் மரை கெட்டுவிடும். எட்டும் ஏறிய பின் ஸ்பானரால் இறுக்கலாம். காலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு காப்புத் தகடு வைத்தால் மூலையின் ஓவியம் தப்பும். போல்ட் தளர்ந்திருந்தாலும் ஆபத்துதான். ஒவ்வோர் உலுக்கலிலும் கால் அசைந்து அசைந்து, மூலையின் மரம் பிளந்துவிடும்.

காலின் அடியில் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய லெவலர் பாதம் இருக்கும். முன்கால்களில் அதை ஏறக்குறைய முழுதும் உள்ளே திருகிவிட்டு, பின்கால்களில் உயர்த்திச் சரிவை அமைப்பது வழக்கம். பின்பக்கம் 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் சரிவு ஏறக்குறைய அரைப் பாகை கூடும். பாதத்தை அளவுக்கு மீறி வெளியே இழுத்தால் அதன் தண்டு வளையும். அவ்வளவு உயரம் தேவைப்படுகிறது என்றால் அந்தக் கால் அந்த இயந்திரத்துக்கு உரியது இல்லை. பக்கவாட்டு மட்டத்தைக் கண்ணாடிமேல் பார்க்கக் கூடாது. கண்ணாடியை எடுத்துவிட்டு, பந்து உருளும் பலகையின் மேலேயே ரசமட்டத்தை வைத்து, ஃபிளிப்பர் அருகிலும் மேல்முனையிலும் பார்க்க வேண்டும். சரியானதும் பாதத்தின் பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும்.

இவை முடிந்த பிறகுதான் ‘டில்ட்’ கருவிக்கு வர வேண்டும். பெட்டிக்குள் ஓர் உலோக வளையத்தின் நடுவே தூக்குக்குண்டு ஒன்று தொங்குகிறது. ஆடுபவர் இயந்திரத்தை மிஞ்சி உலுக்கினால் குண்டு வளையத்தைத் தொட்டு மின்சுற்றை மூடும். ஃபிளிப்பர்கள் செயலிழந்து பந்து பறிபோகும். கால்களின் உயரம் மாறினால் வளையத்துக்குள் குண்டின் இடமும் மாறும். அதனால் முதலில் கால், பிறகு குண்டு என்பதே வரிசை. சில நாள் ஆடிய பின் எட்டு போல்ட்டுகளையும் மட்டத்தையும் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள். அதன்பின் பந்து நடுவே நழுவிப் போனால், அது ஆடுபவரின் கைத்திறனைப் பொறுத்தது. தரையின் கோணலைக் காரணம் சொல்ல முடியாது. ஒவ்வொரு பின்பாலுக்கும் அந்த நேர்மையான ஆட்டத்துக்கான உரிமை உண்டு.