போனில் வருகிறதே!

ஸ்மார்ட் டிவியில் இணையம் வராதபோது வீட்டுக்கு வீடு முதலில் எழும் வாதம் ஒன்றுதான்: ‘போனில் நன்றாக வருகிறதே, அப்படியானால் டிவிதான் போச்சு.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கில் போனை நம்பிச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது. வைஃபை தடுமாறினால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பார்ப்பவர் வைஃபை ஒழுங்காக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு, போனைச் சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்கிறோம். டிவியின் ஆன்டெனாவோ திரைக்குப் பின்னால், சுவரை ஒட்டி அடைபட்டுக் கிடக்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போனை டிவியின் முதுகுப்பக்கம் நுழைத்து ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். சிக்னல் கோடுகள் அங்கே சரிந்தால், தேட வேண்டிய இடம் ரௌட்டர் இருக்கும் மூலை.

அங்கேயும் நன்றாக ஓடுகிறது என்றால் டிவிமேல் குற்றம் உறுதியா? அதுவும் இல்லை. போன், டிவி இரண்டின் ரேடியோவும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. வீட்டு வைஃபை பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. முன்னதற்கு வேகம் குறைவு, சுவரைத் தாண்டிப் போகும். பின்னது வேகமானது, நடுவில் இரண்டு சுவரும் ஒரு ஸ்டீல் பீரோவும் வந்தால் சோர்ந்துவிடும். விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரௌட்டரில் யாராவது அதை அணைத்துவைத்திருந்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது. டிவியின் பட்டியலிலோ உங்கள் வைஃபையின் பெயரே இருக்காது. பூட்டிலும் இதே சிக்கல். டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை 2018-இல்தான் வந்தது. ரௌட்டரில் அதை மட்டும் வைத்திருந்தால், பாஸ்வேர்டைச் சரியாகவே அடித்தாலும் பழைய டிவியால் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு அமைப்புக்கு மாற்றினால் போதும்.

‘கனெக்டட்’ என்று காட்டிவிட்டுப் படம் மட்டும் ஓடவில்லை என்றால், டிவியின் செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்றிருந்தால், ரௌட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராமல் டிவி தனக்குத்தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். முகவரி சரி என்றால் அடுத்து தேதி. ‘தேதிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று தோன்றும். இணையச் சேவைகள் தங்களை டிஜிட்டல் சான்றிதழ் காட்டித்தான் நிரூபிக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. டிவியின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விட்டால், இன்றைய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. கடிகாரம் சரியாக இருந்தும் சிக்கல் வந்ததுண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் பல தளங்கள் திறக்கவில்லை. அந்தக் கருவிகளில் வைஃபை நன்றாகத்தான் இருந்தது.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமே’ என்பார்கள். பல சமயம் ஆகும், மறுப்பதற்கில்லை. ரிமோட்டில் அணைத்தால் டிவி உறங்கத்தான் போகிறது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால்தான் நினைவில் தேங்கிய குளறுபடி கலையும். முதலில் அதைச் செய்வதில் தவறே இல்லை. ஆனால் வாரம் தவறாமல் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தால், அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

பழுது டிவியிலா ரௌட்டரிலா என்று பிரித்துச் சொல்ல போனே உதவும், சாட்சியாக இல்லாமல் மாற்று ரௌட்டராக. ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்து (ஐபோனில் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யைப் போட்டால் அதுவே ஆகிவிடும்) டிவியை அதில் இணையுங்கள். இணைந்து படமும் ஓடினால் டிவியின் ரேடியோ பிழைத்தது. இனி ரௌட்டரைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பெயருமே டிவிக்குத் தெரியவில்லை என்றால்தான் உள்ளே இருக்கும் வைஃபை மாட்யூலைச் சந்தேகிக்கலாம். அப்போதும் டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் லேன் துளை உண்டு. அது 100 எம்பிபிஎஸ் வேகமே தந்தாலும், 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். ஒயர் இழுக்க வழியில்லாத வீட்டில், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் தன் சொந்த வைஃபையோடு வருகிறது. இதையெல்லாம் பார்க்காமல் நேரே ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, அது எல்லா ஆப்பின் லாகினையும் அழித்துவிடும். பிறகு ஒவ்வொரு பாஸ்வேர்டையும் ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்தெழுத்தாகப் பொறுக்க வேண்டும். அந்தப் பட்டனில் கை வைக்கும் முன் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.