இளைஞரும் உலக ஒற்றுமையும்

இளமை வலிமைமிக்க பருவம். அவ்வலிமை ஆக்கத்துக்கும் பயன்படும், அழிவுக்கும் பயன்படும். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் ஐரோப்பிய நாடுகள் தம் இளைஞரின் வலிமையை அழிவுக்கே செலவிட்டன. பிரான்சு நாட்டு வெர்டூன் நகரைச் சூழ்ந்த பகுதியில் 1916ஆம் ஆண்டு ஏறத்தாழப் பத்துத் திங்கள் நடைபெற்ற போரில் மட்டும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமாக ஏறக்குறைய 3 இலட்சம் வீரர் மாண்டனர். ஊர்கள் பல இருந்த இடம் தெரியாமல் அழிந்தன. விளைநிலங்கள் குண்டுகள் அகழ்ந்த குழிகளாயின.

இக்கொடுமை கண்டு உள்ளம் நைந்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பியர் செரசோல். 1879இல் பிறந்த அவர் பொறியியல் கற்றவர்; அவர்தம் தந்தையார் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். படைப்பணிக்கு ஈடாக விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்தமையால் செரசோல் சிறை சென்றார். ஆயினும், மறுப்பது மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். போர்ப்படை இளைஞரிடம் ஒழுங்கையும் உழைப்பையும் தன்னல மறுப்பையும் வேண்டுகின்றது. அவற்றையே வேண்டும் அமைதிப்படை ஒன்று ஏன் இருத்தல் ஆகாது? இவ்வினாவே அவரைச் செயலுக்குத் தூண்டியது.

1920ஆம் ஆண்டு இறுதியில் அவர் சில தோழர்களுடன் வெர்டூனுக்கு அருகில் பாழ்பட்டுக் கிடந்த எசுன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். அழித்த நாட்டவரே வந்து கட்டித் தருதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர்கள் குழிகளைத் தூர்த்தனர், பாதையைச் செப்பனிட்டனர், குடியிருக்க மரவீடுகள் எழுப்பினர். ஆனால் போரின் புண் அப்பொழுது ஆறவில்லை. ஜெர்மானியர் கைப்பட்ட உதவியை ஏற்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1921ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் பணி நின்றது, குழு கலைந்தது.

பணி நின்றதேயன்றிக் கருத்து அழியவில்லை. 1927இல் ரைன் ஆறு கரையுடைத்து இலீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடியது. அடுத்த ஆண்டு பல நாடுகளிலிருந்தும் சுமார் 700 தொண்டர்கள் அங்குத் திரண்டனர். கூலி பெறாது மண்வெட்டி ஏந்தி அவ்வயல்களை மீட்டனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காதபோதும், ஒரே வண்டியைத் தள்ளிய கைகள் நட்புக்கொண்டன.

அத்தொண்டின் பயனை இந்தியாவும் பெற்றது. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. செரசோல் கடல் கடந்து வந்தார். துயர் துடைக்கும் பணியை முன்னின்று நடத்திய இராசேந்திர பிரசாத்துடன் கலந்து பேசினார். பின்னர்த் தோழர்களுடன் முசாபர்பூர்ப் பகுதியில் தங்கி, அவ்வூர் மக்களோடு சேர்ந்து சிற்றூர்களைப் புதிதாக அமைத்தார். கொடுப்பவர் மேலும் கொள்பவர் கீழும் நில்லாது, இருவரும் ஒரே வெயிலில் நின்று உழைத்ததே அத்தொண்டின் சிறப்பாகும். அவர் 1945இல் மறைந்தார். அவர் தொடங்கிய பன்னாட்டுத் தொண்டியக்கம் இன்றும் பல நாடுகளில் பணிபுரிகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், ஒருசிலரின் இம்முயற்சியை அரசுகளும் மேற்கொண்டன. எசுன் சிற்றூரில் ஒருங்கிருக்க இயலாத அவ்விரு நாட்டாரும் 1963ஆம் ஆண்டு நட்புடன்படிக்கை செய்துகொண்டனர். அவ்வாண்டே பிரெஞ்சு-ஜெர்மானிய இளைஞர் அலுவலகம் நிறுவப்பெற்றது. பள்ளி மாணவர், தொழில் பயில்வோர், விளையாட்டு வீரர் எனப் பலரும் அதன் துணையால் அடுத்த நாடு சென்று தங்கி, அதன் மொழியையும் வாழ்க்கையையும் கற்கின்றனர். இதுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் இப்பயனை எய்தியுள்ளனர்.

உழைப்பதற்கு இளைஞரை அழைப்போர் முடிவு செய்வதற்கும் அவர்களை அழைத்தல் வேண்டும் அன்றோ? இம்முறைக்கு இசுட்ராசுபர்க்கு நகரம் சான்றாக நிற்கின்றது. பிரான்சும் ஜெர்மனியும் மாறிமாறிக் கைப்பற்றிய எல்லை நகரம் அது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்றம், 1972இல் அங்கு இளைஞர் மையம் ஒன்றை ஏற்படுத்தியது. இளைஞர் அமைப்புகளுக்குப் பொருளுதவி செய்ய ஒரு நிதியத்தையும் தோற்றுவித்தது. அம்மன்றத்தின் இளைஞர் பணிகள் எவை, அவற்றுக்குரிய பொருளை எவ்வாறு செலவிடுவது என்பவற்றை அரசின் சார்பாளர்களும் இளைஞரின் சார்பாளர்களும் சம உரிமையுடன் கூடியிருந்து ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். பெரியோர் பேச இளையோர் கேட்டல் என்னும் நிலை மாறி, இருவரும் பேசி இருவரும் கேட்டல் என்னும் நிலை அங்கு உண்டாயிற்று.

ஐக்கிய நாடுகள் அவை 1985ஆம் ஆண்டினை அனைத்துலக இளைஞர் ஆண்டாகக் கொண்டாடியபொழுது பங்கேற்பு, வளர்ச்சி, அமைதி என்னும் மூன்றனையும் குறிக்கோளாகக் கொண்டது. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. பங்கேற்பு இல்லாத வளர்ச்சி பிறர் இட்ட பிச்சையாகும். வளர்ச்சி இல்லாத அமைதி நீடித்து நில்லாது. உழைக்கக் களமும் உரைக்க உரிமையும் பெற்ற இளைஞரே நாடுகளின் பகையை நட்பாக்க வல்லவர். அவ்விரண்டையும் அவர்க்கு நல்குதல் உலக நாடுகளின் கடமை. பெற்றவற்றைப் பேணிப் பயன்கொள்ளுதல் இளைஞரின் கடமை.