வடம் பிடிப்போரும் தேர் இழுப்போரும்: அரச குடும்பம் தூரிகை ஏந்தும் நாள்

திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கமாயினும், ரத வீதிகளைச் சுற்றித் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெருந்திரளான பக்தர்களின் கைகளே. உயர்நிலையில் உள்ளோர் பொதுப்பணியில் பங்கேற்பதால் என்ன விளைகிறது என்ற கேள்விக்கு, நெதர்லாந்தின் 'என்எல்டூட்' என்னும் தன்னார்வப் பணி நாட்கள் வேறொரு விடையைத் தருகின்றன.

ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் மாதத்து வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களில் நடைபெறும் இந்நிகழ்வில், மன்னர் வில்லெம் அலெக்சாந்தர், அரசி மாக்சிமா, முன்னாள் அரசி பியாட்ரிக்ஸ் உள்ளிட்ட அரச குடும்பத்தினர் முதியோர் இல்லம், சமுதாயக் கூடம் போன்ற இடங்களில் வண்ணம் பூசுவது, தோட்டம் திருத்துவது முதலிய பணிகளில் மற்றத் தன்னார்வலர்களுடன் ஈடுபடுகின்றனர். 2002இல் நடந்த மன்னர் இணையரின் திருமணத்தையொட்டி நாட்டு மக்களின் பரிசாக அமைந்த 'ஒரான்யே ஃபாண்ட்ஸ்' என்னும் சமூகநல நிதியமே இதை நடத்துகிறது. அவ்விருவரும் அதன் புரவலர்கள். தங்களுக்கு வேண்டிய பணி எதுவென்று உள்ளூர் அமைப்புகளே அறிவிக்க, விரும்பியவர்கள் அதில் பெயரைப் பதிவு செய்ய, பொருட்செலவுக்குச் சிறு தொகையை நிதியம் வழங்குகிறது. ஆகவே மன்னர் சில மணி நேரமே நின்றாலும், அவருடைய வருகை ஈர்க்கும் கவனம் நாடெங்கும் நடக்கும் பணிகளுக்குப் பயன்படுகிறது.

அரசர் பணியாளாக நிற்பது இந்தியாவுக்கும் புதிதன்று. பூரி ரத யாத்திரையில் கஜபதி மன்னர் தங்கப்பிடி கொண்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கும் 'சேரா பஹன்ரா' சடங்கு, இறைவன்முன் அரசரும் தொண்டரே என்பதை உணர்த்துவது. ஆனால் அது வழிபாட்டின் பகுதியேயன்றி ஊர்ப்பணிக்கான ஏற்பாடன்று.

திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள இராசபாளையம் காட்டும் வழி இன்னொன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பின்னர் ஒடிசா ஆளுநராகவும் விளங்கிய அவ்வூர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா, அரச மரபினர் அல்லர்; பெயரிலுள்ள 'ராஜா' அவர் பிறந்த சமூகத்தின் வழக்குப் பெயர். அவர் தம் இல்லத்தையே ஊருக்கு அளிக்க, அது காந்தி கலை மன்றமாயிற்று. நெதர்லாந்து மன்னர் கொடுப்பது சில மணி நேர உழைப்பு என்றால், இவர் கொடுத்தது தலைமுறைகளுக்கு நிற்கும் இடம்.

தமிழ்நாட்டில் கைகொடுக்கும் மரபுக்குக் குறைவில்லை. 'உழவாரம்' என்னும் புல் செதுக்கும் கருவியை ஏந்திய அப்பர் அடிகளை முன்மாதிரியாகக் கொண்டு கோயில்களைத் துப்புரவாக்கும் உழவாரப் பணியும், 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ்க் கல்லூரி மாணவர்கள் ஊர்களில் தங்கி நடத்தும் முகாமும் தமிழகமெங்கும் அறியப்பட்டவை. இவற்றுக்கு நெதர்லாந்திடமிருந்து கொள்ளத்தக்கது தூரிகை பிடித்த மன்னரின் படமன்று; தேவையை ஊரே முன்கூட்டிச் சொல்வதும், சுண்ணாம்புக்கும் மண்வெட்டிக்குமான பணம் வந்து சேர்வதுமே. அவ்விரண்டும் அமைந்துவிட்டால், தொடங்கி வைப்பவர் யாராயினும் பணி நிற்காது.