கால் யூனிட் மணலும் ஏழு லிட்டர் தண்ணீரும்

“பேத்திக்காகக் கொல்லைப்புறத்தில் மணல்தொட்டி கட்டுகிறேன். பூனைத் தொல்லைக்கு மூடி போடச் சொல்கிறார்கள். மூடினால் மணல் ஈரமாகவே கிடக்குமே, பரவாயில்லையா? ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் கொட்டலாமா?” என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூடியில் ஆரம்பித்தவர், மணல் விளையாட்டின் உயிர்நாடியையே தொட்டுவிட்டார்: மணிகளுக்கு இடையில் தங்கும் தண்ணீர்.

காய்ந்த மணலைக் குவித்தால் ஏறக்குறைய 34 பாகைச் சரிவோடு சரி, அதற்கு மேல் சரிந்துவிடும். அதிலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டம்ளரில் அடைத்துக் கவிழ்த்தால் செங்குத்தாக நிற்கிறது. பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாகு பொரியை முழுக்க மூழ்கடிப்பதில்லை. இரண்டு பொரி தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் திரண்டு நிற்கும். ஈர மணலிலும் இரு மணிகள் தொடும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் ஒரு குட்டி வளையமாக நிற்கிறது. அந்த வளையத்தின் இடுப்பு உள்நோக்கிக் குழிந்திருக்கும். குழிவினால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. குழிவின் ஆரம் 10 மைக்ரான் என்றால், குறைவு சுமார் 7,000 பாஸ்கல். வெளிக்காற்று இரண்டு மணிகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வழுவழுப்பான உருண்டை மணிகளுக்குக் கணக்குப் போட்டால், ஒரே ஒரு நீர்வளையம் ஒரு மணியின் எடையைப் போல 60 மடங்குக்கு மேல் தாங்குகிறது. மணி பொடிசாகப் பொடிசாக இந்த மடங்கு இன்னும் ஏறும். பொடி மணலில் கோபுரம் உயர நிற்பது இதனால்தான்.

என்னைச் சொக்கவைப்பது இதற்கு அடுத்த விஷயம். தண்ணீரைக் கூட்டினால் வளையம் அகலமாகிறது, பிடிக்கும் பரப்பு பெரிதாகிறது. ஆனால் குழிவு தளர்ந்துபோவதால் உறிஞ்சும் அழுத்தம் குறைகிறது. ஒன்றின் லாபத்தை மற்றொன்றின் நட்டம் ஈடுகட்டிவிட, இழுவிசை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது! பாகு கூடினாலும் குறைந்தாலும் பொரி உருண்டையின் இறுக்கம் மாறாது என்றால் எந்தப் பாட்டியும் நம்பமாட்டார். அங்கே பதம் பார்க்க வேண்டும், கையில் அரிசி மாவு தொட்டுக்கொள்ள வேண்டும், சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும். மணலுக்குப் பதமே வேண்டியதில்லை. வெயில் ஏறி வளையங்கள் வற்றுவதற்குள் பிடித்தால் போதும். 2008இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் ஈர மணலை எக்ஸ்-கதிர் முப்பரிமாணப் படமாக எடுத்துப் பார்த்தார்கள். வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து கொத்துக் கொத்தாக மாறிய பிறகும் மணலின் உறுதி பெரிதாகக் குறையவில்லை. காற்றே இல்லாமல் மணல் முழுகும்போதுதான் எல்லாம் சேறாகிறது. குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்? கன அளவில் சுமார் 1 சதவீதத் தண்ணீரிலேயே மணல் நல்ல உறுதி பெற்றுவிடுகிறது என்று 2012இல் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று காட்டியது. ஐந்தடிக்கு ஐந்தடி, ஓரடி ஆழத் தொட்டிக்குக் கால் யூனிட் மணல் பிடிக்கும். அதற்கு ஏழு லிட்டர். ஒரு வாளி கூட வேண்டாம்.

மணல்தொட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் விளையாட மணல் குவித்துக் கொடுப்பது ஜெர்மனியில் ஃப்ரோபலின் மழலைப் பள்ளி இயக்கத்தோடு வளர்ந்த வழக்கம். பெர்லின் பூங்காக்களில் மணல் குவித்திருப்பதைப் பார்த்த மருத்துவர் மேரி சக்ரெவ்ஸ்கா எழுதிய கடிதத்தால், 1885இல் பாஸ்டன் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக மணல் குவிக்கப்பட்டது. அமெரிக்காவின் விளையாட்டுத் திடல்களுக்கு அதுவே பிள்ளையார் சுழி.

இனி மூடி. கோபுரத்தைப் பிடித்து நிறுத்தும் அதே நீர்ப்படலத்தில்தான் கொக்கிப்புழுவின் இளம்புழுவும் நீந்துகிறது. நாய், பூனையின் கழிவில் வரும் முட்டை, சூடான ஈர மணலில் ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டும். பிறகு காலில் பாம்பு போல் நெளியும் சிவந்த தடமும் தாங்க முடியாத அரிப்பும்தான். பூனைக் கழிவில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இன்னும் பிடிவாதமானது. ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் வெளியேறியவுடன் அது தொற்றாது, முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் மணலைக் கிளறிப் பார்த்துக் கழிவை உடனே அள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

ஆக, மூடி கிருமியைக் கொல்லாது. அதன் வேலை பூனையை உள்ளே விடாமல் தடுப்பது மட்டுமே. பூனை போன பிறகு மூடினால், ஈரத்தையும் நிழலையும் புழுவுக்கு நாமே கொடுத்ததாகிவிடும். நீலத் தார்ப்பாயை விரித்துக் கல் வைப்பதும் தப்பு. நடுவில் தொய்ந்து மழைநீர் தேங்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். மரச்சட்டத்தில் நெருக்கமான கம்பிவலை அடித்து, கீல் வைத்து இரண்டு கதவாகப் போடுங்கள். மழைக்கு மேலே சாய்வாகத் தகரக் கூரை, காலை வெயில் உள்ளே விழும்படி. தரைக்கு சிமென்ட் பூசவே கூடாது, தண்ணீர் அடியில் தேங்கி மணல் சேறாகும். ஜல்லி பரப்பி, அதன்மேல் தண்ணீர் வடியும் துணி விரித்து மணலைக் கொட்டினால் போதும்.

கிருமி அண்டாத மணல் என்று விற்கும் பைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் பூனை வந்துபோன பிறகு அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை. மண்ணில் விளையாடினால் நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும் என்ற பேச்சையும் அளந்தே கேட்க வேண்டும். பின்லாந்தில் மழலைக் காப்பகங்களின் மணல்தொட்டியிலேயே நுண்ணுயிர் நிறைந்த மண்ணைக் கலந்து, இரண்டு வாரம் முறையாகச் சோதித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் சார்ந்த சில அளவுகள் மாறின. நேர்த்தியான ஆய்வுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் 26 குழந்தைகள். நோய் குறைந்ததா என்பதை அது அளக்கவில்லை. அவர்கள் கலந்ததும் தேர்ந்தெடுத்த மண், பூனைக் கழிவு அல்ல.

எம்-சாண்ட்? கருங்கல்லை உடைத்துச் செய்வதால் மணிக்குக் கூர்முனை உண்டு. குவார்ட்ஸ் கலந்த நுண்தூசியும் ஒட்டியிருக்கும். கவலை அந்தத் தூசிதான், நுரையீரலின் அடிவரை போகும். மணலை நன்றாகக் கழுவிய பின் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிப் பாருங்கள், பால் போல் வெளுத்தால் இன்னும் கழுவ வேண்டும். சொரசொரப்பான பரப்பின் பள்ளங்கள் முதலில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால், இந்த மணலுக்கு ஏழு லிட்டர் போதாது. பத்துப் பன்னிரண்டு லிட்டர் வரை தெளித்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் தூசியையும் அந்த ஈரம் எழும்பவிடாமல் பிடித்துவைக்கும். கோடையில் மேல்மணல் காய்ந்து வெளுத்துக் கிடந்தால், குழந்தையை இறக்குவதற்கு முன் இன்னொரு முறை தெளித்துவிடுங்கள்.