உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கக் கத்தியில் கடமான் கொம்பு!

அமெரிக்காவின் பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுவது எதைத் தெரியுமா? நம் காட்டுக் கடமானின் கொம்பில் பிடி போட்ட கத்தியை! பல மான்களின் கொம்பில் நடுவே பஞ்சு போன்ற பகுதி அதிகம். கடமான் கொம்பு கெட்டி. காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்புகள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

கத்தியின் வயதைக் கண்டறிய அழகான வழி உண்டு. ‘கேஸ்’ என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனம் 1970இல் அலகு முத்திரையில் 10 புள்ளிகள் பொறித்தது; ஆண்டுக்கு ஒன்று குறைத்தது. 7 புள்ளி இருந்தால் 1973.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் பரணில் மான்கொம்புப் பிடிக் கத்தி கிடைத்தால், அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். மான்கொம்பு வணிகம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. முதலில் வனத்துறையைக் கேளுங்கள்.