இருட்டில் பிறந்த 28 வோல்ட்

உலோகத்தின் மேல் 560 நானோமீட்டர் தடிமனில் ஒரு கரிமப் படலம். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அதை எந்த பேட்டரியோடும் இணைக்கவில்லை. வெற்றிட அறையின் இருட்டில் ஆவியாகப் போய்ப் படிந்தது, அவ்வளவுதான். ஆனால் அளந்து பார்த்தபோது மேற்பரப்பில் 28 வோல்ட் நின்றது! மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைக் கோத்தாலும் 27தான் வரும். வெளிச்சம் பட்டதும் அந்த மின்னழுத்தம் மறைந்துபோனது. ஈசுகே இட்டோ, ஹிசாவோ இஷி, கசுஹிகோ செக்கி உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட இந்த அளவீட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தப் பொருள் அரிதானது அல்ல. ‘ஆல்க்-3’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அலுமினியச் சேர்மம். 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரவைத்த படலம் இதுதான். இன்று கைப்பேசித் திரைகளில் இருக்கும் ஓஎல்இடியின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஆல்க்-3 மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல். இதை இருமுனை என்கிறோம். படலமோ படிகம் அல்ல, கண்ணாடியைப் போல ஒழுங்கற்றது. ஆளுக்கொரு திசை பார்த்தால் எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். முழுமையாக அழியவில்லை. ஒரு சில சதவீத அளவுக்கு ஒரே பக்கச் சாய்வு மிஞ்சுகிறது. அந்த மிச்சம் நானோமீட்டருக்கு 50 மில்லிவோல்ட் வீதம் அடுக்கடுக்காகக் கூடித்தான் 28 வோல்ட் ஆனது.

சாய்வு எப்படி வருகிறது? கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் நிற்பவர் உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே நசுங்கி நிற்பவரால் முடியாது. படலத்திலும் அப்படியே. மேற்பரப்பில் வந்து இறங்கும் மூலக்கூறுக்குக் கொஞ்ச நேரம் அசைய இடம் உண்டு. அதற்குள் தனக்கு வசதியான நிலையைத் தேடிக்கொள்கிறது; அடுத்த வரிசை வந்து மூடியதும் அந்த நிலையிலேயே உறைந்துவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மார்க் எடிகர் குழுவினர் பல ஆண்டுகளாக இந்த உறைதலைத்தான் ஆராய்ந்துவருகிறார்கள். அடித்தளத்தின் வெப்பநிலையை மாற்றினால் மூலக்கூறுகள் படுக்கும் விதமும் மாறுகிறது.

படுப்பது, நிற்பது என்ற கணக்கு ஒளிக்கும் முக்கியம். டியூப்லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் கொட்டும் வெளிச்சம் முனைகளில் வராது. கிடையாகப் படுத்த மூலக்கூறின் ஒளி திரையைத் தாண்டி வெளியே வரும். செங்குத்தாக நின்றால் அது படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஜப்பானில் தைசுகே யோகோயாமா போன்றோர் நீண்ட மூலக்கூறுகள் கிடையாகப் படுப்பதை அளந்து காட்டினார்கள். தரையில் கொட்டிய முருங்கைக்காய்களில் ஒன்றுகூட எழுந்து நிற்பதில்லை அல்லவா!

ஆனால் படுத்திருப்பது வேறு, தலை எந்தப் பக்கம் என்பது வேறு. பின்னதுதான் 28 வோல்ட்டின் கதை. அது ஓஎல்இடி விளக்குக்குக் கெடுதலும் செய்கிறது. எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்கில் இருமுனைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அதன் அடிப்பக்கத்தில் எதிர்மின்னூட்டம் நிலையாகத் தேங்கும். அது எதிரிலிருந்து மின்துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்களை, இழுத்து எல்லையில் குவித்துவிடும். விளக்கு ஒளிரத் தொடங்கும் முன்பே இது நடந்துவிடுகிறது! கிளர்வுற்ற மூலக்கூறு ஒளியை உமிழ வேண்டிய நேரத்தில், குவிந்து நிற்கும் துளைகள் அந்த ஆற்றலை விழுங்கிவிடுகின்றன.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் பாங்சண்ட், ரஸ்ஸல் ஹோம்ஸ் குழுவினர் 2020இல் இதை அளந்தார்கள். விளக்கு தானாக ஒளிரும் மின்னழுத்தத்தை எட்டுவதற்கு முன்பே, வெளி ஒளியால் தூண்டிய ஒளிர்வில் 20 சதவீதத்துக்கும் மேல் அணைந்துபோவதைக் கண்டார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் இழப்பே இருக்காது என்று பொதுவாக நம்பியிருந்த இடத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை! எலக்ட்ரான் கடத்தும் அடுக்குக்கு முனைவில்லாத பொருளைத் தேர்ந்தார்கள். அல்லது படியவைக்கும்போதே அடித்தளத்தைச் சூடாக்கினார்கள். திறன் 15 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. புது வேதிப்பொருள் தேடி அலையாமல், மூலக்கூறு இறங்கும் கணத்தைக் கவனித்தே ஈட்டிய லாபம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு.

அதே ஆண்டில் சிபா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று நடந்தது. 2002 கட்டுரையில் பெயர் இருந்த ஹிசாவோ இஷியும் யூயா தனகாவும் கெடுதல் என்று கருதப்பட்ட அதே சாய்வை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிகளுக்கு நிலையான மின்னூட்டம் தாங்கிய படலம் வேண்டும். வழக்கமாக உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்னூட்டத்தைத் திணிப்பார்கள். இவர்களோ தானாகச் சாயும் மூலக்கூறுகளை ஆவியாக்கிப் படியவைத்ததோடு சரி. எதிரே இருந்த மின்வாய் அதிர்ந்தபோது கம்பியில் மின்னோட்டம் வந்தது.