சிசுக்களும் சுயபாஷையும்

மேடையில் "தமிழ் வாழ்க" என்று முழங்கும் தேசாபிமானிகள் சிலர், வீடு திரும்பியதும் தொட்டிலிலிருக்கும் மகவிடம் அரைகுறை இங்கிலீஷிலே பேசுகின்றனர். பாஷை என்பது அரிச்சுவடியோடு ஆரம்பமாகும் ஒரு பாடமென்றும், அதற்கு முந்திய வருஷங்கள் வெற்றுக் காலமென்றும் நம்மவர் கருதுவதே இதற்குக் காரணம். விஷயம் அப்படியன்று.

சிசு வாய் திறவாத காலத்திலேயே பாஷை அதன் செவியில் ஏறத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாளும் நிறையாத குழந்தைகள், அன்னிய ஸ்திரீயின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகின்றன என்பது 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையால் விளங்கிற்று. வாயிலிட்ட ரப்பர்க் காம்பை எவ்விதம் சப்பினால் தாயின் குரல் ஒலிக்குமோ, அவ்விதமே அவை சப்பின.

கனடா தேசத்தில் ஜானெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு விசேஷமானது. அதில் கையாண்ட ஒலிகளுள் ஹிந்தியின் டகரமும் தகரமும் இருந்தன. பட்டு, பத்து என்று நாம் எளிதில் பிரித்துணரும் அந்த பேதம் இங்கிலீஷில் இல்லை. வயது வந்த இங்கிலீஷ்காரர் பெரும்பாலோர்க்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை வேடிக்கை காட்டும் என்று குழந்தைகளைப் பழக்கினார்கள். இங்கிலீஷ் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் மிகுதியானவை சரியாகத் தலையைத் திருப்பின. 10 முதல் 12 மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலவே திருப்பின. ஹிந்தி வீட்டுக் குழந்தைகள் அவ்வயதிலும் அந்த பேதத்தை இழக்கவில்லை. சகல தேசத்தாருக்கும் பொதுவான செவியோடு பிறக்கும் சிசு, ஒரு வருஷத்திற்குள் அதைத் தன் வீட்டுச் செவியாக்கிக்கொள்கிறது. பிற்காலத்தில் அப்பியாசத்தால் அன்னிய ஒலிகளைக் கற்கலாம்; ஆனால் அந்தப் பழைய சுளுவு வாராது.

நம் பாட்டிமார் குரலை உயர்த்தி, நெடிலை இன்னும் நீட்டி, "மம்மம்" என்றும் "இங்கா" என்றும் கொஞ்சுவதைப் படித்தவர் சிலர் பரிகசிப்பதுண்டு. சிசுக்கள் விரும்பிக் கேட்பது அந்தக் கொஞ்சுமொழியையே என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

கைப்பேசியைக் கொடுத்தால் அதுவே பேசக் கற்பிக்கும் என்பாருக்கும் விடையுண்டு. வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பட்ரீஷியா கூல் என்பவரும் அவருடைய சகாக்களும், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 தடவை, தடவைக்கு 25 நிமிஷமாகச் சீன பாஷையைக் கேட்பித்தனர். எதிரே அமர்ந்து சீனர் பேசிக் கேட்ட குழந்தைகள் அப்பாஷையின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகளுக்கும், ஒலிப்பதிவில் மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் ஒன்றும் படியவில்லை. இது 2003-இல் வெளியாயிற்று.

இங்கிலீஷை நாம் துவேஷிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். இரண்டு பாஷைகளைச் சேர்த்துக் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கற்கவல்லது. வீட்டார் தங்குதடையின்றிப் பேசும் பாஷையை ஒதுக்கிவிட்டு, தாங்களே தடுமாறும் பாஷையில் நாலு கட்டளைகளை மட்டும் பிறப்பிப்பதைத்தான் ஆக்ஷேபிக்கிறோம். கதையும் விளையாட்டும் அந்தப் பேச்சில் ஏது?

ஆனால், சிசுவோடு பேசத் தாய்க்கு அவகாசம் வேண்டுமே! 2017-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுமுறையை 26 வாரமாக உயர்த்திற்று. தமிழ்நாட்டு அரசாங்கம் தன் பெண் ஊழியருக்கு அதை 2021-இல் 12 மாதமாக்கிற்று. சிசுவின் செவி பக்குவப்படும் காலமும் ஏறக்குறைய அதுவே. வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், கட்டடத்தில் கல் சுமக்கும் பெண்ணுக்கும் இத்தகைய விடுமுறை கிடையாது. பாஷாபிமானம் பேசும் நம் தொண்டர்கள் அடுத்த மகாநாட்டில் நிறைவேற்றும் தீர்மானங்களுள் அவர்களைப் பற்றியும் ஒன்று இருக்குமா என்று கேட்கிறோம்.